ஹோமோஜனைசர் (பால் கொழுப்பை உடைச்சுக் கலக்கிற மெசின்) 180 பார் அமுக்கம் காட்டுது, ஆனா போத்தல் கழுத்தில ஆடை கட்டுது. ஆராவது உதவி செய்யுங்கோ

கிளிநொச்சிப் பால்பிள்ளை:
வணக்கம் அண்ணாமார் அக்காமார். கிளிநொச்சியில சின்னனா ஒரு பால் பதனிடுற இடம் வச்சிருக்கிறம், விசுவமடு பரந்தன் பக்கத்தில இருந்து காலமை வாற மாட்டுப்பாலில ஏலக்காய்ப் பால் போத்தல் போடுறம். மூண்டு கிழமையா ஒரே கரைச்சல். இரவு குளிர்பெட்டியில வச்ச போத்தலை விடிய எடுத்துப் பாத்தா கழுத்தடியில மஞ்சளா ஒரு வளையம், குலுக்கினாலும் கரையாம சின்னக் கட்டியா மிதக்குது, கடைக்காரர் பால் திரைஞ்சு போச்செண்டு திருப்பி அனுப்புகினம். மெசின் பழசா வாங்கினது, இரண்டு கட்ட வால்வு உள்ளது. கேஜ் எப்பவும்போல 180 தான் நிக்குது, 200க்கு ஏத்தினா மோட்டர் றிப் ஆகி நிக்குது. செவ்வாய்க்கிழமைப் பாலில சவர்க்கார மணம் வேற. பால் தாற சனத்துக்குச் சனிக்கிழமை காசு குடுக்கவேணும், தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

வவுனியா மெசின்காரன்:
பிறசரை ஏத்தாதேங்கோ தங்கச்சி. பால் உள்ள போகேக்க எத்தினை பாகை?

கிளிநொச்சிப் பால்பிள்ளை:
உள்ள போறது பாக்கேல்லை அண்ணை, வெளிய வாறது 50.

வவுனியா மெசின்காரன்:
அப்ப உள்ள போறது 45 அளவுதான், ஏனெண்டா 180 பாரில தள்ளுற தள்ளிலயே பால் நாலஞ்சு பாகை சூடாகும். 60க்கும் 70க்கும் இடையில வேணும். கொழுப்பு நல்லா உருகி இளகி நிண்டாத்தான் கிழியும்.
சவர்க்கார மணமும் இதில இருந்துதான். பச்சைப்பாலில லிப்பேஸ் எண்டு ஒரு நொதியம் இருக்கு, கொழுப்பு உருண்டையைச் சுத்தின தோல் கிழியாத மட்டும் அதால ஒண்டும் செய்யேலாது. நீங்கள் உருண்டையை உடைச்சுப்போட்டு பாஸ்டரைஸ் பண்ணாம விட்டா அதுக்கு விருந்துதான். செவ்வாய் கரண்ட் நிண்டதோ?

கிளிநொச்சிப் பால்பிள்ளை:
ஓம் அண்ணை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல டாங்கில அப்பிடியே கிடந்தது.

மாங்குளம் பட்டறை:
பிள்ளை, முந்தி கைபிடியை எத்தினை சுத்துச் சுத்தினா 180 வரும், இப்ப எத்தினை?

கிளிநொச்சிப் பால்பிள்ளை:
முந்தி ஒண்டரை காணும், இப்ப ரெண்டேகாலுக்கு மேல.

மாங்குளம் பட்டறை:
அப்ப வால்வு சீற் (வால்வு வந்து குந்துற வளையம்) தேஞ்சு போச்சு. கேஜ் சொல்லுறது பம்ப் எவ்வளவு தள்ளுது எண்டு மட்டுந்தான், பால் உடையுறது சீற்றுக்கும் வால்வுக்கும் நடுவில இருக்கிற இடுக்கில. அது 0.1 மில்லிமீற்றர் அளவு, தலைமயிர்த் தடிப்பெண்டு வையுங்கோ. குழாயில ஆறுதலா வாற பால் அதுக்க பூரேக்க செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேல பாயும், அந்த வேகத்தில வாற சுழியும் குமிழ் வெடிக்கிறதும் உருண்டையை இழுத்துப் பிய்க்கும். 3, 4 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு) உருண்டை அரை மைக்ரோன் அளவுக்கு வரும். சீற்றில ஒரு கோடு விழுந்தா பாதிப் பால் அந்த வாய்க்காலால சுகமா ஓடிப்போகும், நீங்கள் இறுக்கி இறுக்கிக் கேஜை 180இல நிப்பாட்டுறியள், பால் உடையேல்லை. கழட்டி நகத்தால தடவிப் பாருங்கோ, நகம் தடக்கினா அதுதான். கண்டபடி கிறைண்டரில போடாதேங்கோ! கனக்க மெசினில சீற்றைப் பிரட்டிப் போடலாம், இல்லாட்டி கண்ணாடித் தட்டில நைஸ் பேஸ்ட் போட்டு எட்டு வடிவில தேயுங்கோ.

அறிவியல்நகர் பொடியன்:
அக்கா, கட்டி கட்டியா மிதக்குதெண்டால் இரண்டாம் கட்டத்தையும் பாருங்கோ. உருண்டை உடைஞ்ச உடன புதுத் தோலுக்குப் புரதம் காணாம ரெண்டு மூண்டா ஒட்டிக் குலையாகும், அந்தக் குலையைப் பிரிக்கத்தான் இரண்டாம் வால்வு. முதல் அதை 35 பாருக்கு வச்சிட்டு, பேந்து முதல் வால்வை இறுக்கி மொத்தம் 180க்குக் கொண்டு வாங்கோ.
உருண்டையின்ர விட்டம் ஆறில ஒண்டானா மேல மிதக்கிற வேகம் 36இல ஒண்டாகும். அதால கண்ணை நம்பாம 48 மணித்தியாலம் ஆடாம வச்சு, மேல் 100 மில்லியைத் தனிய எடுத்து கேர்பரில (பால் கொழுப்பு அளக்கிற சோதனை) கொழுப்புப் பாருங்கோ. மிச்சத்தோட ஒப்பிட 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது.

கிளிநொச்சிப் பால்பிள்ளை:
கழட்டினம். சீற்றில நகம் தடக்குது, ஒரு பக்கம் மட்டும் மயிர்க்கோடு மாதிரி ரெண்டு, வெளிச்சத்துக்குப் பிடிச்சாத்தான் தெரியுது. பால் வடிக்கிற துணியும் மூலையில கிழிஞ்சிருந்தது, ஒழுங்கைச் செம்மண் அதாலதான் போய்ச் சீற்றைக் கீறியிருக்கு எண்டு அம்மா சொல்லுறா. இரண்டாம் வால்வு முழுக்கத் திறந்தே கிடந்தது, வாங்கின நாளில இருந்து ஆரும் தொடேல்லைப் போல. சீற்றைப் பிரட்டிப் போட்டு, பாலை 65க்குச் சூடாக்கி, தம்பி சொன்ன மாதிரி 35 வச்சு 180. ஒண்டரைச் சுத்திலயே வந்திட்டுது!

மாங்குளம் பட்டறை:
சீற்றின்ர அந்தப் பழைய பக்கத்தையும் விடாதேங்கோ, வாற கிழமை கழட்டிக் கொண்டு வாங்கோ தேய்ச்சுத் தாறன். துணியை இண்டைக்கே மாத்துங்கோ.

கிளிநொச்சிப் பால்பிள்ளை:
48 மணித்தியாலம் முடிஞ்சுது. கொழுப்பு மேல 3.6 வீதம், கீழ 3.5. வளையம் இல்லை, மணமும் இல்லை. சனிக்கிழமைக் காசு குடுத்திட்டன் அண்ணை.