தமிழ் இணைய முகவரி பயன்படுத்துவோரின் உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பில், சாதாரணப் பயனர்களுக்காகப் பேச 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று உள்ளது. 2000ஆம் ஆண்டில் பயனர்களே இணையவழி வாக்களித்து 5 இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்த முறை கைவிடப்பட்ட பிறகு, நம் குரல் அங்கே எட்டுவதற்கு இதையே முக்கியமான வழியாகக் கருதுகிறேன்.

'.இந்தியா', '.இலங்கை' என முடியும் முகவரிகள் நடைமுறையில் இருந்தும், சென்ற வாரம் என் தாயார் ஓர் இணையப் படிவத்தில் தமது தமிழ் மின்னஞ்சல் முகவரியை மூன்று முறை நிரப்பியபோதும் 'சரியான முகவரியை உள்ளிடவும்' என்ற சிவப்பு வரியே வந்தது. இறுதியில் என் ஆங்கில முகவரியைக் கொடுத்தார். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து அக்குழுவுக்கு அனுப்பவிருக்கிறேன். உங்களுக்கும் நேர்ந்திருந்தால், எவ்வகைத் தளம், திரையில் வந்த செய்தி என்ன என்பதைத் தெரிவியுங்கள். ஆங்கில வரைவைச் செம்மைப்படுத்தித் தரக்கூடியவர்களின் உதவியும் தேவைப்படுகிறது.