எம்.ஆர்.ஐ. அறை வாசலில் அம்மா கேட்ட கேள்வி: ஆராய்ச்சியை நேரில் பார்த்த உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். போன தை மாதம் அம்மாவுக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரைக்கும் சுண்டி இழுக்கிற வலி. இங்கே பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வாருங்கள் என்றார். புதுச்சேரியில் எடுப்பதாக முடிவு செய்தோம். நாள் குறித்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வலியைவிட பயம்தான் காரணம். பக்கத்து வீட்டு அக்கா "அது கதிர் பாய்ச்சுற மெஷின், அடிக்கடி எடுத்தா கேன்சர் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் 14 வருடமாக பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அணுக்கரு, காந்தப்புலம், ரேடியோ அலை எல்லாம் போர்டில் எழுதுகிறவள். பெற்ற தாய்க்கு அந்த இரண்டு நாளில் "அதில் கேன்சர் வரவைக்கிற கதிர்வீச்சே கிடையாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அது இன்னமும் மனதில் உறுத்துகிறது.

அங்கே போனதும் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். வளையல், தோடு, மெட்டி எல்லாம் கழற்றியாயிற்று. மூக்குத்தித் திருகு மட்டும் அசையவில்லை, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுத்தான் எடுக்க முடிந்தது. கடைசியில் தாலிக்கொடி. அம்மா கையை வைத்து மூடிக்கொண்டார். அந்தச் சங்கிலியில் தங்கத்தோடு இரண்டு ஊக்கும் தொங்கும், நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் இருக்கிற வழக்கம்தான். ஸ்கேன் எடுக்கிற தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். அவசரப்படுத்தவே இல்லை. "தங்கத்தை காந்தம் இழுக்காதும்மா, ஆனா படத்தைக் கெடுக்கும், சூடும் ஆகலாம். இந்த ஊக்குதான் நிஜமான ஆபத்து. உள்ள போனா பாய்ஞ்சிடும். மெஷின் ஓடலைன்னாலும் காந்தம் எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றார். நான் எதிர்க் கடைக்கு ஓடி மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து அப்பாதான் கட்டிவிட்டார், 43 வருடத்துக்குப் பிறகு இரண்டாம் முறையாக. அதன் பிறகுதான் அம்மா எழுந்தார்.

உள்ளே போகும் முன் அந்தத் தம்பியிடம் கேட்டார்: "கதிர் எவ்வளவு நேரம்பா பாயும்?" அவர் சொன்ன பதில்: "கதிரே இல்லம்மா. காந்தமும் ரேடியோவும்தான். உங்க உடம்புல இருக்கிற தண்ணி பேசறதை இந்த மெஷின் காது கொடுத்துக் கேட்குது. அவ்வளவுதான்." அம்மா முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

தண்ணி பேசுகிறது என்று அவர் சொன்னது அலங்காரம் இல்லை, நிஜமே அதுதான். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான், அதற்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு, அதனால் அது ஒரு பொடிக் காந்தம். பம்பரம் போல என்று வகுப்பில் சொல்வேன், ஆனால் அது உண்மையில் சுற்றுவதில்லை, பிறவிக் குணம் என்று வைத்துக்கொள்ளலாம். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல 30 ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவான இடத்தில், அளந்து பார்த்தால் புரோட்டானுக்கு இரண்டே நிலைதான்: புலத்தோடு அல்லது புலத்துக்கு எதிராக. பாதிக்குப் பாதி போலத்தான் இருக்கும். பத்து லட்சத்துக்கு ஐந்து மட்டும் புலத்தின் பக்கம் கூடுதல். அந்த ஐந்தை நம்பித்தான் இத்தனை பெரிய மெஷின்! ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே ஹைட்ரஜன் கோடி கோடி கோடிக்கணக்கில் இருப்பதால் அந்த ஐந்தே போதும். வினாடிக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை அதிரும் ரேடியோ அலையைக் கொடுத்தால் அந்த ஒழுங்கு கலைகிறது, அலையை நிறுத்தினால் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்போது அது திருப்பிக் கொடுக்கிற சிணுங்கல்தான் படம். எஃப்.எம். ரேடியோ 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, இது 64, அதைவிடக் கீழே. எக்ஸ்ரே வேறு ஜாதி, அதோடு இதைச் சேர்க்கவே கூடாது.

உள்ளே அந்த டக டக சத்தம் காதைப் பிளக்கும். பெரிய காந்தத்துக்குள் இருக்கிற கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுவதால் அவை அதிருகின்றன, அந்தச் சத்தம். இதையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதி பேர் பயப்பட மாட்டார்கள். காதில் பஞ்சு வைத்து, மேலே ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள், முடியவில்லை என்றால் அழுத்தச் சொல்லி. அம்மா அழுத்தவில்லை.

முடிந்ததும் ஃபிலிமை லைட்டில் பிடித்துக் காட்டினார் தம்பி. மேலே உள்ள ஜவ்வெல்லாம் நுங்குச் சுளை மாதிரி வெளுப்பு, கீழே நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் ஒன்று மட்டும் கறுத்து, பின்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. தண்ணி வற்றிய ஜவ்வு அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இதுதான் பேசலையா?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போது, இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். சொன்னேன். 1938-இல் ராபி என்ற இயற்பியலாளர், ரேடியோ அலையால் அணுக்கருவின் நிலையைப் புரட்ட முடியும் என்று முதலில் காட்டினார். பிறகு 1946-இல் பிளாக் ஒரு பக்கம் தண்ணீரை வைத்து, பர்செல் இன்னொரு பக்கம் பாரஃபின் மெழுகை வைத்து, தனித்தனியாக இந்தச் சிணுங்கலைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் 1952-இல் இயற்பியல் நோபல். அவர்கள் யாருடைய முதுகுவலியையும் நினைத்து ஆரம்பிக்கவில்லை, அணுக்கரு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதை உடம்பின் படமாக்கியதற்கு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபல். நடுவில் அரை நூற்றாண்டு. இதன் பழைய பெயரில் "அணுக்கரு" என்ற சொல் இருந்தது, கேட்டவர்கள் பயந்ததால் ஆஸ்பத்திரிகளில் அதை எடுத்துவிட்டார்கள் என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பயம் புதிதில்லை.

ஒன்று மட்டும்: பேஸ்மேக்கர், உடம்புக்குள் கிளிப், பிளேட், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்தது, எதுவாக இருந்தாலும் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்களுக்கு இப்படி எங்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அக்கா, படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. பாட்டிக்கு வலது காலில் யானைக்கால். நான் சின்னப் பையன், 1983 வாக்கில் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டுவார்கள். கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்திருக்கிறோம், ரத்தம் எடுக்கணும் என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் விரலை நீட்டுவேன், சுருக்கென்று ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. பகலில் வராமல் ஏன் ராத்திரியில் வருகிறார்கள் என்று தெருவே முணுமுணுக்கும்.

பிறகு விலங்கியல் படிக்கப் போய்த்தான் காரணம் தெரிந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிவிடுகின்றன. ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் வெளி ரத்தத்தில் கூட்டமாக ஓடும். சாக்கடையில் வளர்கிற கியூலக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுவே. கடிக்கிற நேரம் பார்த்துப் புழு மேலே வருகிறது! அந்தப் பொடிப் புழுவை 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் ரத்தத்தில் பார்த்தார், கொசுவுக்குள் அது வளர்வதை 1877-இல் சீனாவில் மேன்சன் என்ற டாக்டர் கண்டார். நான் முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் உயிரோடு பார்த்தபோது, கால் மில்லிமீட்டர் இருக்கும், ரத்த அணுக்களைத் தள்ளித் தள்ளிக்கொண்டு நெளிந்தது. பாட்டியின் காலை நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மையம் இந்திரா நகரில் 1975-இல் தொடங்கியது. 1981 முதல் 85 வரை நம் ஊர் முழுக்கச் சாக்கடை, கிணறு, குட்டை என்று ஒன்றுவிடாமல் பார்த்து, மருந்தை மட்டும் நம்பாமல் கொசு பிறக்கிற இடத்தையே சரிசெய்து காட்டினார்கள். இப்போது இன்னொரு வேலை. வொல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா, யானைக்கால் புழுவுக்குள்ளேயும் இருக்கும், அது இல்லாவிட்டால் புழு பிழைக்காது. அந்த இனத்து பாக்டீரியாவையே டெங்கு கொசுவுக்குள் குடியேற்றினால் வைரஸ் அங்கே பெருக முடியாமல் போகிறது. அப்படிப்பட்ட கொசுவை உருவாக்கியிருப்பதாக 2022-இல் இங்கிருந்தே அறிவித்தார்கள். புழுவுக்குத் துணை, வைரஸுக்கு எதிரி, ஒரே கிருமிக் குடும்பம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

உங்கள் அம்மா மாதிரியே என் பாட்டியும் ஒருநாள் கேட்டாள், "ராத்திரி ஏன்டா வர்றாங்க?" என்று. எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரிந்தபோது பாட்டி இல்லை.

*

தேவனாம்பட்டினம்

எனக்குப் படிப்பு குறைவு, பார்த்ததை எழுதுகிறேன். சில ராத்திரி கடல் நீலமாக எரியும். துடுப்பு பட்ட இடம், வலை இழுத்த இடம் எல்லாம் மினுங்கும், கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஒழுகும். அது அதிகமான நாளில் மீன் படாது, அது எங்கள் அனுபவம். பரங்கிப்பேட்டையில் கடல்சார் உயிரியல் படிக்கிற பெண் ஒருத்தி பாட்டிலில் தண்ணீர் எடுக்க வந்தாள். இருட்டில் பாட்டிலைக் குலுக்கிக் காட்டி, இது நாக்டிலூகா என்ற ஒரே செல் உயிர், கண்ணுக்கே புள்ளி மாதிரி தெரியும் என்றாள். தொட்டால் அதற்குள் ஒரு ரசாயனம் ஆக்சிஜனோடு சேருமாம், அப்போது எலக்ட்ரான் மேல்படி ஏறி, திரும்ப இறங்கும்போது ஒரே ஒரு துளி ஒளியாகக் கக்குமாம். படிக்கு நடுவில் நிற்கவே நிற்காதாம். அது எனக்கு விளங்கவே இல்லை, இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

கூட்டம் பெருத்துவிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா சேரும், மீன் ஒதுங்கிவிடும் என்றும் சொன்னாள். இது உடனே விளங்கியது. நாங்கள் சொறி என்று தூக்கிப் போடுகிற ஜெல்லி மீனில் ஒருவகையிலிருந்து ஷிமோமுரா என்ற ஜப்பான்காரர் பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தாராம், அதற்கு 2008-இல் நோபல். இப்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் ஆராய்ச்சியில் அதைத்தான் விளக்காக வைக்கிறார்களாம்.

*

மஞ்சக்குப்பம்

இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி, உங்கள் பாட்டி கேட்டதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அண்ணா, படிக்கு நடுவில் நிற்காது என்று அந்தப் பெண் சொன்னதும் புரோட்டானுக்கு இரண்டே நிலை என்று நான் எழுதியதும் ஒரே விஷயம், தேவனாம்பட்டினம் பக்கம் வரும்போது உட்கார்ந்து பேசலாம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் மருமகளுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஃபிலிமை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு வந்தார். "கதிர் கிடையாது, தண்ணிதான் பேசும். ஊக்கை வீட்டிலயே கழட்டி வச்சிடு, மஞ்சள் கயிறு இங்கேயே வாங்கிக்க, அங்க போய்த் தேடாதே."