சிலிக்கான் நானோ கம்பி வளர்த்தவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இந்தக் கம்பி வளர ஒரு உலோக வினையூக்கி வேண்டும்; பிஎச்.டி.யில் எனக்கு வாய்த்தது வெள்ளீயம். டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியை சேம்பருக்குள் வைத்து ஹைட்ரஜன் பிளாஸ்மாவை (மின்சாரத்தால் அயனியாகி ஒளிரும் வாயு) மூட்டினால், ஆக்சிஜன் கழன்று வெள்ளீயம் குட்டிக் குட்டிச் சொட்டுகளாகத் திரளும். உலோகத்தைத் தனியாகப் பூசுகிற வேலை மிச்சம். பிறகு வெப்பத்தை 400 டிகிரிக்கு மேல் ஏற்றி சைலேன் வாயுவை (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) திறந்தால், ஒவ்வொரு சொட்டும் தனக்கு அடியில் ஒரு கம்பியை வளர்த்துக்கொண்டே மேலே போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும்: ஹைட்ரஜன் மட்டும் ஓடும்போது இளஞ்சிவப்பாக இருக்கும் ஒளி, சைலேன் கலந்ததும் ஊதாப் பக்கம் திரும்பிவிடும்.

பாடப்புத்தகம் தங்கத்தைத்தான் சொல்லும். 1964-இல் பெல் லேப்ஸில் வாக்னரும் எல்லிஸும் செய்தது அது; தங்கமும் சிலிக்கானும் சேர்ந்தால் 363 டிகிரியிலேயே உருகிவிடும். வெள்ளீயம் 232-லேயே உருகும், ஆனால் சைலேனை உடைக்க அதற்குத் தெம்பு போதாது. அந்த வேலையை பிளாஸ்மா செய்கிறது. வம்பும் அங்கேதான். உடைந்த துண்டுகள் சொட்டை மட்டும் தேடிப் போவதில்லை, கம்பியின் பக்கவாட்டிலும் அப்பிக்கொள்ளும். அடி பருத்து நுனி சிறுத்து, கம்பி முள்ளங்கி மாதிரி ஆகிவிடும். ஹைட்ரஜனைக் கூட்டினால் பக்கவாட்டில் அப்பியதை அரித்து எடுக்கும். அளவு மீறினால் வெள்ளீயத்தையே ஹைட்ரைடு வாயுவாக்கிக் கொண்டுபோய்விடும். (சிப் தயாரிக்கும் இ.யு.வி. லித்தோகிராஃபி மெஷின்களில் கண்ணாடி மேல் படியும் வெள்ளீயத்தைத் துடைப்பதும் இதே வேதியியல்தான்.) சொட்டு போனால் வளர்ச்சியும் நின்றது.

சாம்பிளை வெளியே எடுத்ததும் நிறத்தைப் பாருங்கள். பளபளவென்று செம்பழுப்பாக இருந்தால் வெறும் படலம், எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) ஸ்லாட்டை வீணாக்காதீர்கள். வெல்வெட் மாதிரி மங்கிய கறுப்பாக இருந்தால் கம்பி நிற்கிறது. உள்ளே போன ஒளி திரும்பி வரவில்லை.

மறுமொழி:
நான் தங்கத்தோடு மல்லுக்கட்டிய ஆள், பிளாஸ்மா இல்லாத சி.வி.டி. (வாயுவை வெப்பத்தால் உடைத்துப் படிய வைக்கும் முறை). அதில் கம்பி அடியிலிருந்து நுனி வரை கிட்டத்தட்ட ஒரே பருமன், நுனியில் தங்கம் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தலைவலி அதற்கப்புறம்தான். தங்கம் பட்ட வேஃபரை (சிப் செய்யும் சிலிக்கான் தகடு) டிரான்சிஸ்டர் லைன் பக்கமே விடமாட்டார்கள். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரானையும் ஹோலையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேர்த்துக் காலி பண்ணிவிடும். எங்களுக்குத் தனி உலை, தனி பீக்கர், சிவப்பு டேப் சுற்றிய தனி ட்வீசர். உங்கள் வெள்ளீயம் சிலிக்கானின் அதே தொகுதி, அந்தத் தொல்லை இல்லை. கொடுத்து வைத்தவர்!

மறுமொழி:
தம்பிகளா, கம்பியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேஸ் லைன் பார்க்கிறவன். சைலேன் காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும், அது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயம், அது பற்றாமல் தேங்குவதில்தான். கசிந்ததும் எரிந்தால் தீ. தேங்கி நின்று எரிந்தால் வெடி. அதனால்தான் கேபினெட்டின் எக்ஸாஸ்ட் ஓடாமல் வால்வைத் தொடவே விடமாட்டேன். அடுத்தது சேம்பர் சுவரிலும் பம்ப் லைனிலும் படியும் பழுப்பு மஞ்சள் தூள். சாதாரண வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சப் போன ஒரு மாணவரைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அந்தத் தூளும் எரியும்.

மறுமொழி:
அண்ணா, எங்கள் சேம்பரிலும் அந்தத் தூள் உண்டு. பிளாஸ்மா பவரைக் குறைத்ததும் நன்றாகவே குறைந்தது, கம்பி வளரும் வேகமும் கூடவே குறைந்தது. தங்கக்காரருக்கு: வெள்ளீயத்தை நான் விடாததற்குக் காரணம் சோலார் செல். கம்பியைச் சுற்றி உருவமற்ற (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத) சிலிக்கானைப் போர்த்தினால், ஒளி கம்பியின் நீளவாக்கில் உறிஞ்சப்படும். மின்னேற்றம் குறுக்கே கொஞ்ச தூரம் போனால் போதும். பாஸ்ஃபீன் (பாஸ்பரஸ் சேர்க்கும் வாயு) கலந்து வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க, கம்பியின் பருமன் மாறியதா?