சேவைச் சங்கப் பணியில் மறக்க முடியாத ஒரு சந்திப்பு: உறுப்பினர்களின் பகிர்வு

சேவைச் சங்கங்களில் பணியாற்றும் உறுப்பினர்கள், களப்பணியில் தாங்கள் எதிர்கொண்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுதலாம். எத்தனை முகாம் நடத்தினோம் என்ற கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கிறது. அது இங்கே வேண்டாம்.

விருதுநகர் மாவட்டத்து அரிமா (லயன்ஸ்) சங்க உறுப்பினர் ஒருவர்:

எங்கள் சங்கம் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துடனும் மதுரைக் கண் மருத்துவமனை ஒன்றுடனும் இணைந்து இலவசக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தி வருகிறது. 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடைபெற்ற அரிமா மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு கேட்டுக்கொண்ட நாள் முதல் இந்தப் பணி அரிமா சங்கங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் ஊரில் அது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதாகவும், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பதாகவும், மருத்துவக் குழுவுக்கு இட்லி வாங்கி வைப்பதாகவும் நடக்கிறது. அறுவை சிகிச்சை, லென்ஸ், பேருந்து, தங்குமிடம், உணவு ஆகிய அனைத்தையும் மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மூதாட்டிக்கு இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்ததால் அன்றே மதுரைக்கு அனுப்பத் தேர்வு செய்தார்கள். பேருந்து புறப்படும் நேரத்தில் அவரைக் காணவில்லை. தேடிப்போனபோது பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பயப்படுகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, வலிக்காது, மரத்துப்போக மருந்து போடுவார்கள், சீக்கிரம் முடிந்துவிடும் என்று வழக்கமாக ஒப்பிப்பதை ஒப்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பயமெல்லாம் இல்ல சாமி. ரெண்டு வெள்ளாடும் ஒரு குட்டியும் கட்டிக் கெடக்கு. நான் மூணு நாள் அங்க படுத்துக் கெடந்தா அதுகளுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

எங்கள் துண்டறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. நல்லவேளையாக எங்கள் பொருளாளரின் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் அதே ஊர்க்காரன். அவன் பார்த்துக்கொள்வான் என்று நாங்கள் சொன்னதை அந்த அம்மா நம்பவில்லை. தொலைபேசியில் அவனையே பிடித்துக் கொடுத்தோம். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, அகத்தி ஒரு கட்டுக்கு மேல் போடக்கூடாது, குட்டியை வெயிலில் கட்டக்கூடாது என்று உத்தரவுகளை வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை பேருந்து ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர் நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து நின்ற எனக்கு ஒரு புகார்தான் கிடைத்தது. "அந்தப் பய ஆட்டை எளைக்கப் போட்டுட்டான். கண்ணு தெரிஞ்ச பெறகுல்ல தெரியுது!" ஆடு அதற்கு முன்பே இளைத்திருக்கக்கூடும் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அப்போதிருந்து எங்கள் பதிவுத் தாளின் ஓரத்தில், ஆதார் எண்ணுக்குக் கீழே, வீட்டில் ஆடு மாடு உண்டா, யார் பார்ப்பார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறோம்.

தஞ்சாவூர்ப் பகுதியில் கண் தானப் பொறுப்பில் இருக்கும் உறுப்பினர் ஒருவர்:

ஆடு மாடு பற்றிய கேள்வியை எங்கள் முகாம்களிலும் சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

கண் தான அட்டையில் கையொப்பம் வாங்குவதை நாங்கள் நெடுங்காலம் ஒரு சாதனையாகவே எண்ணி வந்தோம். இறந்தவரின் நெருங்கிய உறவினர் சம்மதிக்காவிட்டால் அந்த அட்டையால் பயனில்லை என்பதை ஒரு மே மாத இரவில்தான் முழுமையாக உணர்ந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமான வீடு அது. அட்டையைப் பார்த்து அண்டை வீட்டார் எங்களை அழைத்திருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும் என்பதால் கண் வங்கிக் குழுவையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். மூத்த மகனுக்கு இதைப் பற்றி எதுவுமே தெரியாது. "எங்கப்பாவை முழுசாத்தான் அனுப்புவேன்" என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்டார். கருவிழியை மட்டும்தான் எடுப்பார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் சிதையாது என்று விளக்க வாயெடுத்த நான், அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். துக்க வீட்டில் வாதாடுவது எங்கள் வேலை இல்லை என்பதே என் கருத்து.

திரும்பிப் போய்விடலாம் என்று எண்ணியபோதுதான் கூடத்தைக் கவனித்தேன். அவ்வளவு புழுக்கத்திலும் மின்விசிறி ஓடவில்லை. உறவினர்கள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் தலைக்கு இரண்டு தலையணைகள் வைக்கப்பட்டு, மூடிய இமைகள் மேல் ஈரப்பஞ்சு இருந்தது. கருவிழி உலர்ந்துபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அட்டையின் பின்புறம் நாங்கள் அச்சிட்டிருந்ததை, அவருடைய மனைவி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வரிசை தவறாமல் செய்து வைத்திருந்தார். என் பார்வை போன திசையில் மகனும் பார்த்தார். எழுந்து போய்ப் பஞ்சைத் தொட்டார். அது அப்போதுதான் மீண்டும் நனைக்கப்பட்டிருந்தது. சிறிது நேரம் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

இப்போது குடும்பத்தில் ஒருவரையாவது உடன் அழைத்து வராமல் யாருக்கும் நாங்கள் அட்டை கொடுப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சங்கத்தில் சிலருக்கு வருத்தம். பதவியேற்பு விழாவில் பொன்னாடை எண்ணிக்கை குறைந்தாலும் அவர்களுக்கு இதே வருத்தம் வரும்.

கோயம்புத்தூர் ரோட்டரி உறுப்பினர் ஒருவர்:

என்னுடையது சிறியது. போலியோ சொட்டு மருந்து நாள்களில் பேருந்து நிலைய மையத்தில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். மருந்து குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மையிட்டு, கையில் ஓர் ஊதலைக் கொடுத்து அனுப்புவோம். இந்தியாவில் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. இடைப்பட்ட ஓர் ஆண்டில், ஊதல் வாங்கிய சிறுவன் ஒருவன் அரை மணி நேரம் கழித்து மீண்டும் வரிசையில் நின்றான். விரலில் இருந்த மையை எச்சில் தொட்டுத் தேய்த்துக் கலைக்கப் பார்த்து, நகத்தைச் சுற்றி நீலம் பரவியிருந்தது. பெயர் கேட்டால் தங்கையின் பெயரைச் சொல்கிறான். செவிலியர் சிரித்துவிட்டு, "இன்னும் ரெண்டு சொட்டு போனா ஒண்ணும் கெடுதல் இல்ல, வாயைத் தெற" என்றார். அதுவரை விறைப்பாக நின்றவன் அப்போதுதான் உண்மையைச் சொன்னான்: ஊதல் தங்கைக்கு, அவளுக்குக் காய்ச்சல் என்று அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டோம். மறுநாள் வீடு வீடாகச் சென்ற குழுவினர் மருந்துப் பெட்டியோடு ஓர் ஊதலையும் எடுத்துப் போனார்கள்.