"சொந்த ஊர் எது?"

நான் மலேசியாவில் உள்ள ஈப்போவைச் சேர்ந்தவள். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று மாதம் தங்கி, மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். தமிழ்தான் தெரியுமே, அங்கே என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் காலையிலேயே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். மலேசியாவில் தினமும் கேட்பதுதான். "யாருக்குப் பசி கண்ணு?" என்று பதறிப்போய் ஒரு தட்டு இட்லியோடு வந்துவிட்டார். அங்கே எல்லாரும் "சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் இன்றைக்கும் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாங்கள் கடல் தாண்டிக் கொண்டுபோன சொல் இங்கேயும் ஒரு மூலையில் பத்திரமாக இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நான் அதிகம் யோசித்தது வேறொரு கேள்வியைப் பற்றி. பஸ்ஸில், டீக்கடையில், கோயில் வாசலில், எங்கே போனாலும் "எந்த ஊரு?" என்பார்கள். ஈப்போ என்றால் விடமாட்டார்கள். "அது சரி, சொந்த ஊரு?"

என் கொள்ளுத்தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவருடைய கிராமத்தின் பெயரை வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. அதைச் சொன்னதும் கேட்டவர்களின் முகம் வாடிவிடும். ஒரு நடத்துநர் டிக்கெட் கிழிப்பதையே நிறுத்திவிட்டு, "உங்க பேச்சைக் கேட்டா செஞ்சிப் பக்கமாத்தான் இருக்கும்மா" என்று எனக்கு ஒரு ஊரையே கொடுத்தார்.

அதே கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் வரும். "நீங்க என்ன ஆளுங்க?" தெரியாது என்றால் நம்புவதில்லை. கிராமம் ஊர், காலனி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருநாள் காலனியில் என் மாணவி வீட்டில் சாப்பிட்டேன். மறுநாள் ஊர்த்தெருவில், எனக்கு வழக்கமாக எவர்சில்வர் டம்ளரில் காபி தரும் வீட்டில், "நேத்து அங்க சாப்பிட்டியாமே?" என்று கேட்டுவிட்டு பேப்பர் கப்பை நீட்டினார்கள். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும். இப்போதும் மனதை அறுக்கிறது.

அதனாலேயே காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு கொடுப்பது 2022 செப்டம்பரில்தான் தொடங்கியது. மதியச் சாப்பாடு காமராசர் காலத்திலிருந்து, 1956 முதல் இருக்கிறது. மகளிர் குழு அக்கா ஒருவர் பொங்கலைக் கரண்டியில் அள்ளி வைக்க, இரண்டு தெருப் பிள்ளைகளும் தாழ்வாரத்தில் ஒரே வரிசையில் தொடை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மிளகு பிடிக்காத பையன் அதைப் பொறுக்கிப் பொறுக்கி பக்கத்துச் சிறுமியின் தட்டில் போடுவான், அவளும் எடுத்துத் தின்பாள். யாருக்கு எந்தத் தெரு என்று அந்த அரை மணி நேரம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அந்தப் பாட்டி திண்ணையில் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய பெரியப்பா, இவர் பிறப்பதற்கு முன்பே மலாயாவுக்குத் தோட்டவேலைக்குப் போனவராம். இரண்டு கடிதம் வந்ததாம், அதோடு சரி. "பேராக்குன்னு ஒரு ஊராம். உனக்குத் தெரியுமா?"

ஈப்போ பேராக்கில்தான் இருக்கிறது என்றேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் இரண்டு தடவை சொன்னார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.