பேஸ் ஆம்ப்: கெயின் எவ்வளவு, மாஸ்டர் எவ்வளவு?

கேள்வி: என்னிடம் இருப்பது ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ் கிதார் (உள்ளேயே பேட்டரியில் இயங்கி சிக்னலைக் கூட்டும் சுற்று உள்ளது). ஆம்ப்பில் கெயின், மாஸ்டர் இரண்டுமே சத்தத்தைக் கூட்டுகின்றன. எதை எங்கே வைப்பது? பேண்டோடு வாசித்தால் பேஸ் கேட்பதே இல்லை.

பதில்: கெயின் உள்ளே வரும் சிக்னலுக்கு, மாஸ்டர் வெளியே போகும் சத்தத்துக்கு. முதலில் பேட் பட்டனை (வரும் சிக்னலைக் குறைப்பது) அழுத்துங்கள். ஆக்டிவ் பேஸின் சிக்னல் வலுவானது. பேட் இல்லாவிட்டால் ஆம்ப்பின் முன்நிலையிலேயே (சிக்னல் முதலில் நுழையும் பகுதி) ஒலி கரகரத்துவிடும். மாஸ்டர் பூஜ்யத்தில், டோன் குமிழ்கள் நடுவில், பேஸின் வால்யூம் முழுசாக. வாசிப்பதிலேயே பலமான அடியை அடித்தபடி கெயினைக் கூட்டுங்கள். கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறுவதைக் காட்டுவது) மினுங்கியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். அதன்பின் கெயினைத் தொடாதீர்கள், சத்தத்துக்கு மாஸ்டர் மட்டும்.

பதில்: கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் மிட்தான் (நடு அதிர்வெண்கள்). லோவையும் ஹையையும் ஏற்றி மிட்டை இறக்கினால் தனியே வாசிக்கையில் அருமையாக இருக்கும். டிரம்ஸும் கிதாரும் சேர்ந்ததும் காணாமல் போகும். 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: லோவையும் ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். தாழ் பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கரால் அதை முழுசாகத் தர முடியாது. கூம்பு அளவுக்கு மீறி அசைந்து 'டப் டப்' என்று அடிக்கும். ஆம்ப்பின் சக்தியும் அங்கேயே கரையும். மிக்சருக்குப் போகும் டிஐ-யை (ஆம்ப்பின் நேரடி வெளியீடு) ப்ரீயில், அதாவது டோன் குமிழ்களுக்கு முன், வையுங்கள். போஸ்டில் (குமிழ்களுக்குப் பின்) இருந்தால் நீங்கள் டோனைத் திருப்பும்போதெல்லாம் அரங்கின் ஒலியும் மாறும்.