‘டிட்’ வந்தால் ‘ஈடி’ வராது: டென்ஸ் சொல்லிக்கொடுத்தவங்க, கத்துக்கிட்டவங்க அனுபவம் சொல்லுங்க

மன்னார்குடி, டியூஷன் டீச்சர்:

ரெகுலர் வெர்ப் என்றால் சுலபம், இறந்தகாலத்துக்குக் கடைசியில் ஈடி (ed) சேர்த்தால் தீர்ந்தது என்பார்கள். என்னிடம் சாயந்திரம் வரும் பிள்ளைகளும் ‘வாக், வாக்ட், வாக்ட், கால், கால்ட், கால்ட்’ என்று வாய்ப்பாடு மாதிரி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஈடி போடுவதில் ஒருத்தருக்கும் தகராறு இல்லை. எங்கே போடக் கூடாது என்பதில்தான் மொத்தப் பேரும் மாட்டுவார்கள்.

ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி ‘ஐ டிட் நாட் வாக்ட் டு ஸ்கூல் எஸ்டர்டே’ என்று எழுதியிருந்தாள். டிட் வந்துவிட்டதே, ஈடி எதற்கு என்றேன்.

“எஸ்டர்டே வந்தா ஈடி போடணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?”

நியாயமான கேள்விதான்.

“நேத்து நடந்தா வந்தே?”

“இல்ல மிஸ், நடக்கல. அப்பா வண்டியில கொண்டாந்து விட்டாங்க.”

“நடந்தலன்னு ஏன் சொல்லல?”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். ‘நடந்தேன்’ என்பதில் இறந்தகாலத்தைக் காட்டுவது நடுவில் இருக்கிற ‘ந்த்’. ‘நடக்கவில்லை’ என்றதும் அது போய், வெறும் ‘நடக்க’ நிற்கிறது. ‘டிட் நாட் வாக்’ என்பதிலும் அதே கதைதான். இப்படிச் சொன்ன பிறகு இல்லை என்று சொல்கிற வாக்கியங்களில் தப்பு நன்றாகக் குறைந்தது.

ஆனால் கேள்வியில் இந்த வித்தை பலிக்காது. ‘நடந்தியா?’ என்று தமிழ் இறந்தகாலத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. அதனால் பிள்ளைகள் ‘டிட் யூ வாக்ட்?’ என்று கேட்கிறார்கள். அங்கே தமிழைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுவது ஒன்றே வழி.

எஸ் விஷயமும் உண்டு. நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறாள், நடக்கிறது என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பேசுகிற பிள்ளைகள், ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் ஒரே ஓர் எஸ் போடச் சொன்னால் விட்டுவிடுகிறார்கள். ‘டஸ் நாட்’ வந்தால் அந்த எஸ்ஸும் கிடையாது என்று சொல்லும்போது, இப்போதுதானே மிஸ் போடச் சொன்னீங்க என்று ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள்!

கூத்தாநல்லூர், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்:

டீச்சர் சொல்றது பரீட்சைக்கு. நான் பார்த்தது சைட்டுல. உயரத்துல ஏறுறதுக்கு முன்னாடி பெல்ட், ஏணி எல்லாம் பார்த்து, ஃபார்ம்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். எங்க ரூம் தம்பி ஒருத்தன் ‘ஐ செக் த பெல்ட்’னு எழுதிக் கொடுத்தான். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்து, “எவ்ரி டே யூ செக். டுடே?”ன்னு கேட்டார். தம்பி ஒண்ணும் விளங்காம தலையை ஆட்டுறான். ஈடி இல்லாட்டி அது ‘வழக்கமா பார்ப்பேன்’னு ஆயிடும், இன்னிக்குப் பார்த்ததுக்கு அத்தாட்சி ஆகாது. ‘செக்ட்’னு திருத்தி எழுத வச்ச பிறகுதான் மேல விட்டார்.

வேடிக்கை என்னன்னா, அதே மனுஷன் வாயால பேசுறப்போ ‘செக் ஆல்ரெடி’ம்பார். அங்க பேச்சுவழக்கு அப்படி. நம்ம ‘பார்த்தாச்சு’ மாதிரியே இருக்கிறதால நமக்குச் சீக்கிரம் ஒட்டிக்கும். பேச்சுக்கு அது போதும். கையெழுத்துப் போடுற காகிதத்துல ஈடி இருக்கணும்.

பாபநாசம், விவசாயம்:

‘ஓபன்ட்’டுக்கும் ‘ஹாவ் ஓபன்ட்’டுக்கும் என்னப்பா வித்தியாசம் என்று மகள் கேட்டாள். புத்தகத்து விளக்கம் அவளுக்கு ஏறவில்லை. நமக்குத் தெரிந்தது மேட்டூர்தான், அதை வைத்தே சொன்னேன்.

குறுவைக்கு ஜூன் 12 அணை திறப்பது வழக்கம். வழக்கத்தைச் சொல்ல ‘தே ஓபன் த டேம் இன் ஜூன்’. 2022-இல் மே மாதமே திறந்தார்கள். தேதி சொன்னால் ‘தே ஓபன்ட் இட் ஆன் மே 24’. தேதியெல்லாம் கிடக்கட்டும், தண்ணி வருது, நாற்றங்காலைத் தயார் பண்ணு என்றால் ‘தே ஹாவ் ஓபன்ட் த டேம்’. டீக்கடையில் ‘திறந்துட்டாங்கப்பா’ என்கிறோமே, அதுதான். ஹாவ் போட்ட வாக்கியத்தில் மே 24, எஸ்டர்டே எதையும் சேர்க்கக் கூடாது. நாம் ‘நேத்தே திறந்திருக்காங்க’ என்று தாராளமாகச் சொல்கிறோம் அல்லவா, வழுக்குவது அங்கேதான்.

“2024-ல ஜூன்ல திறக்கலையேப்பா?” என்றாள். ‘தே டிட் நாட் ஓபன் இட் இன் ஜூன். தே ஓபன்ட் இட் ஆன் ஜூலை 28.’ டீச்சர் சொன்ன பாடம் இதிலேயே வந்துவிட்டது.

‘வில் ஓபன்’ மட்டும் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய டென்ஸ்.

வலங்கைமான், ரிட்டயர்டு வாத்தியார்:

ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போன சீனிவாச சாஸ்திரி 1869-இல் பிறந்தது எங்கள் வலங்கைமானில். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே நாங்கள் ‘வாக்கெட்’, ‘ஆஸ்க்கெட்’ என்று பேசுவோம். வான்ட், நீட், பிளான்ட் மாதிரி ‘ட்’ சத்தத்தில் முடிகிற சொல்லுக்குத்தான் ஈடி தனியாக ஒலிக்கும்: வான்டட், நீடட், பிளான்டட். மற்றவற்றில் அது முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்: வாக்ட், கால்ட். இந்த இரண்டிலும் ட் ஒன்றல்ல. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், கால்ட்டில் அதிரும், வாக்ட் முடியும்போது அதிராது.

எழுத்துப் பிழையில் என் மாணவர்களை அதிகம் படுத்தியது விசிட்டும் பெர்மிட்டும். பெர்மிட்டில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் ஈடிக்கு முன் கடைசி எழுத்து இரட்டிக்கும். விசிட்டில் அழுத்தம் முதலிலேயே விழுந்துவிடுகிறது, அதனால் ஒன்றே போதும். டிராவல் மட்டும் அடங்காது: அழுத்தம் முதலில்தான், ஆனாலும் பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு, அமெரிக்க வழக்கில் ஒன்று. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அதில் எந்த நாட்டு இங்கிலீஷ் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.